மாதிரி காத்த குடும்பம்: பாரிசின் லெசாஜ் வீடும் நம் ஆரி ஊசியும்

(பென்னலூரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பென்னலூரில் நின்றுகொண்டு பாரிஸ் நகரத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2000-இல் கண்ணாடி வார்க்கத் தொடங்கிய செயின்ட் கோபைன் நிறுவனம், 1665-இல் பதினான்காம் லூயி மன்னரின் ஆட்சியில் பிறந்தது. வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி கொடுத்தது அதுதான். ஒரகடத்தில் 2010-இல் நிசானோடு சேர்ந்து கார் ஆலை திறந்த ரெனோ, 1899-இல் பாரிசை ஒட்டிய ஊரில் அண்ணன் தம்பிகள் மூவர் தொடங்கிய குடும்பத் தொழில். நம் வீட்டுப் பிள்ளைகள் ஷிப்டு பஸ் ஏறிப்போகும் இடங்கள் இவை. பிரான்ஸ் நமக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.

இன்று நான் பேசப்போவது கண்ணாடியையும் காரையும்விட மிகச் சிறிய ஒரு பொருளைப் பற்றி. ஊசி. பாரிசில் தலைமுறை தலைமுறையாக எம்பிராய்டரி செய்த ஒரு குடும்பம் இருந்தது. அந்தக் குடும்பத்தின் மகன் ஒருவர் 1993-இல் சென்னையில் பட்டறை போட்டார். லெசாஜ் என்பது அந்தக் குடும்பத்தின் பெயர். பாரிசின் ஆடை வீடுகள் என்றால் நமக்குத் தெரிந்தவை ஷனேல், டியோர் போன்ற பெயர்கள். சென்ட் பாட்டிலின் மேல் அச்சிட்டிருக்கும் பெயர்கள். அந்த வீடுகளின் ஆடைகளில் பூவும் கொடியும் மணியும் ஜமிக்கியும் தைத்துக் கொடுத்தவர்களின் பெயர் ஆடையின் லேபிளில் வருவதில்லை. அப்படி லேபிளில் வராத பெயரைப் பாரிஸ் முழுவதும் அறியவைத்த குடும்பம் லெசாஜ்.

அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். எனக்குக் கிடைத்த விடை எளிமையானது. தைத்த ஒவ்வொன்றுக்கும் அவர்கள் ஒரு மாதிரித் துண்டு எடுத்துவைத்தார்கள். கையில் கலை இருந்தும் மாதிரி எடுத்துவைக்காதவர்கள் நாம். இந்த ஒரு வேறுபாட்டைத்தான் இன்று உங்கள் முன் விரித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

பாரிசில் ஓத் கூத்தூர் எனும் உயர்தையல் தொழிலுக்கு அடித்தளம் போட்டவர் ஓர் ஆங்கிலேயர், சார்லஸ் பிரெடரிக் வொர்த். 1858-இல் கடை திறந்தார். மூன்றாம் நெப்போலியனின் அரசி யூஜெனி அவருடைய வாடிக்கையாளர். வொர்த்துக்கும் அரசவைக்கும் எம்பிராய்டரி செய்து கொடுத்த பட்டறைகளில் ஒன்று மிஷோனே என்பவருடையது. முதல் உலகப்போர் முடிந்தபின் அந்தப் பட்டறை முதுமை தட்டி நின்றது. 1924-இல் அதை வாங்கியவர்கள் அல்பேர் லெசாஜும் மரி லூயிசும். அல்பேர் போருக்குப் பிறகு அமெரிக்காவின் சிகாகோவில் வேலை பார்த்துத் திரும்பியவர். மரி லூயிஸ், மாதலேன் வியோனே என்ற பெரிய தையற்கலைஞரிடம் பணிபுரிந்தவர். எம்பிராய்டரி வேலைகளைப் பார்த்துக்கொண்டவர். கணவனுக்கு வியாபாரம் தெரியும், மனைவிக்கு நூலும் நிறமும் தெரியும். நம் ஊரிலும் நிலைத்து நின்ற பல தொழில்கள் இப்படித்தான் தொடங்கியிருக்கின்றன.

அவர்களுடைய முதல் பெரிய சவால் வியோனேயிடமிருந்தே வந்தது. வியோனே துணியைக் குறுக்காக வெட்டுபவர். நம் டெய்லர்கள் கிராஸ் கட் என்கிறார்களே, அதேதான். குறுக்காக வெட்டிய துணி உடம்போடு வழிந்து விழும், இழுத்தால் நெகிழும். அந்த நெகிழ்ச்சிக்காகத்தான் பெண்கள் வியோனேயிடம் போனார்கள். ஆனால் அந்தத் துணியில் எம்பிராய்டரி போட்டால் நூலும் மணியும் சேர்ந்து அதை விறைக்க வைத்துவிடும். வழியவேண்டிய உடை பலகைபோல நிற்கும். லெசாஜ் தம்பதி கண்ட தீர்வு நுட்பமானது. கோலம் வளைந்து நெளிந்து ஓடுவதுபோலக் கண்ணுக்குத் தெரியும்; ஆனால் தையல்கள் துணியின் நேர் இழை போகும் திசையிலேயே விழும்படி வேலையை அமைத்தார்கள். துணி தன் போக்கில் நெகிழ்ந்தது, வேலைப்பாடும் அதோடு சேர்ந்து நெகிழ்ந்தது. அழகு கெடாமல் ஓர் இயந்திரவியல் சிக்கலைத் தீர்த்திருக்கிறார்கள் என்று இந்த அவையில் இருக்கும் பொறியியல் மாணவர்களுக்குப் புரியும்.

1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுந்தபோது பாரிசின் பணக்கார வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். முப்பதுகளில் கைகொடுத்தவர் எல்சா ஸ்கியாபரெல்லி என்ற ஆடைக்கலைஞர். ஓவியர்களோடு பழகி, உடையில் விளையாட்டுக் காட்டியவர். 1938-இல் அவர் சர்க்கசைப் பொருளாக வைத்து ஓர் ஆடைத்தொகுப்பு வெளியிட்டார். அதில் குதிரையும் வித்தைக்காரரும் லெசாஜ் வீட்டு ஊசியில் உருவானவை. அடுத்து இரண்டாம் உலகப்போர். வியோனே 1939-இல் கடையை மூடினார். 1949-இல் அல்பேர் இறந்தார்.

மகன் பிரான்சுவாவுக்கு அப்போது வயது 20. அவர் ஹாலிவுட்டுக்குப் போய் அங்கே சிறிய எம்பிராய்டரிப் பட்டறை நடத்திக்கொண்டிருந்தார். தகவல் கிடைத்ததும் அதை விட்டுவிட்டுத் திரும்பினார். தாயும் மகனும் சேர்ந்து வீட்டை நடத்தினார்கள். நம் பக்கத்தில் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த நல்லி குப்புசாமி செட்டியார் 1956-இல் பதினாறு வயதில் தியாகராய நகர்க் கடையின் பொறுப்புக்கு வந்தார் என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அவர் தாத்தா சின்னசாமி செட்டியார் 1928-இல் தொடங்கிய கடை அது. சென்னையையும் காஞ்சிபுரத்தையும் இணைக்கும் இந்த நெடுஞ்சாலையின் ஒரு முனையில் தறி, மறுமுனையில் கடை. நடுவில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். குடும்பத் தொழிலில் வாரிசு தயாராகும்வரை காலம் காத்திருப்பதில்லை. பிரான்சுவாவும் தயாராக இல்லாத வயதில்தான் பட்டறைக்குள் வந்தார்.

அவருக்குத் துணையாக நின்றது அப்பா விட்டுப்போன அலமாரிகள். மிஷோனே காலத்து மாதிரிகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாகத் தைத்துப் பார்த்த துண்டுகள், வாடிக்கையாளர் ஏற்றவை, வேண்டாம் என்று ஒதுக்கியவை, எல்லாமே பெட்டிகளில் அடுக்கி இருந்தன. லெசாஜ் வீட்டின் முறை இது: ஆடைக்கலைஞர் ஆர்டர் கொடுக்கும்வரை காத்திருக்க மாட்டார்கள். பருவத்துக்கு முன்பே மாதிரிகள் தைத்து எடுத்துப்போய்க் காட்டுவார்கள். பலென்சியாகா ஒன்றை எடுப்பார், டியோர் இன்னொன்றை எடுப்பார். எடுக்காதவை வீட்டுக்குத் திரும்பி வந்து பெட்டிக்குள் போகும். முப்பது ஆண்டு கழித்து வேறொருவர் வந்து அந்தப் பெட்டியைத் திறந்து, இதைப்போல வேறு நிறத்தில் வேண்டும் என்பார். இன்று அந்தச் சேமிப்பில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. எம்பிராய்டரிக்கு இதைவிடப் பெரிய நூலகம் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

அந்தக் கைத்திறன் எட்டிய உயரத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1988-இல் ஈவ் சான் லொரான் என்ற ஆடைக்கலைஞர், வான்கோவின் ஓவியங்களை மேலங்கியில் கொண்டுவர விரும்பினார். சூரியகாந்தி ஒன்று, நீல ஐரிஸ் பூக்கள் ஒன்று. வான்கோ தூரிகையைத் தடித்து இழுப்பவர். அவருடைய வண்ணம் சுவர்ப்பூச்சுபோல மேடுபள்ளமாக நிற்கும். அந்த மேடுபள்ளத்தை ஜமிக்கியிலும் மணியிலும் ரிப்பனிலும் கொண்டுவர வேண்டும். ஐரிஸ் மேலங்கி ஒன்றுக்கு மட்டும் 600 மணி நேர வேலை. இரண்டரை லட்சம் ஜமிக்கிகள், 22 நிறங்களில். இரண்டு லட்சம் மணிகள். நீலம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடும் நிறத்துக்குள் எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை அந்த ஒரு துணியைப் பார்த்துக் கற்கலாம்.

இப்போது ஊசிக்கு வருகிறேன்.

பாரிசில் இந்த வேலைக்குப் பயன்படும் கருவி, மரப்பிடியில் செருகிய, நுனியில் கொக்கி உள்ள ஊசி. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார்கள். கொக்கி துணியைக் குத்தி அடியில் இருக்கும் நூலைப் பிடித்து மேலே இழுக்கும். அடுத்த குத்தில் அந்தக் கண்ணிக்குள் இன்னொரு கண்ணி. சங்கிலித் தையல். ஸ்ரீபெரும்புதூரிலும் சுங்குவார்சத்திரத்திலும் உங்கள் தெருவிலும் பிளவுசுக்கு ஆரி ஒர்க் போடும் அக்கா கையில் இருப்பதும் இதே கருவிதான். இது தற்செயல் ஒற்றுமை என்று நினைத்துவிடாதீர்கள். கட்ச் பகுதியில் செருப்புத் தைத்த மோச்சி சமூகத்தார் தோலைத் தைக்கும் கொக்கியைத் துணிக்கு மாற்றினார்கள். அந்தக் கைவேலை முகலாய அரண்மனைகளுக்குப் போனது. ஆசியாவிலிருந்து போன இந்த முறை 1760 வாக்கில் பிரான்சில் பரவியது. பிரெஞ்சு அரசருக்கு எம்பிராய்டரி வரைந்து கொடுத்த சான் ஓபேன் என்பவர் 1770-இல் அந்தக் கலையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்தக் கொக்கி வேலையைத் தன் நாட்டுக்கு அண்மையில் வந்து சேர்ந்ததாகவே குறிக்கிறார்.

பிரெஞ்சுக்காரர்கள் வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் லூனவில் என்ற ஊரில் ஒரு மாற்றம் செய்தார்கள். மணிகளை முன்கூட்டியே நூலில் கோத்து, அந்த நூலைத் துணிக்கு அடியில் ஓடவிட்டு, துணியின் பின்பக்கத்தை மேலே வைத்துக்கொண்டு தைப்பது. தைக்கிறவருக்கு முன்பக்கம் தெரியாது. அடியில் தொங்கும் மணியை விரலால் தடவி உணர்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளுவார். வேகம் கூடியது. நம் ஊர் முறையில் முன்பக்கம்தான் மேலே; மணியை ஊசி நுனியிலேயே ஏற்றி, கண்ணால் பார்த்து வைக்கிறோம். வேகம் சற்றுக் குறைவு. ஆனால் பின்னால் மறைத்துத் தைக்க முடியாத மேடான ஜர்தோசிச் சுருளும் கல்லும் இந்த முறையில் நன்றாக உட்காரும். இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று குறைந்தவையல்ல. கோலத்தைத் துணிக்கு மாற்றும் விதம் இரண்டு ஊரிலும் ஒன்றே. தாளில் வரைந்து, கோட்டின்மேல் ஊசியால் வரிசையாகத் துளையிட்டு, துணிமேல் விரித்துப் பொடி தேய்ப்பார்கள். நம் அக்காமார் பொடியில் மண்ணெண்ணெய் கலந்துகொள்கிறார்கள்.

துணி விஷயத்தில் பிரான்ஸ் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது ஊசியோடு முடியவில்லை. அதைவிடப் பெரிய கதை ஒன்று இந்தக் கடற்கரைக்கே உரியது. 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சாயம் தீட்டிய பருத்தித் துணிக்குப் பாரிஸ் மயங்கிக் கிடந்தது. துவைத்தாலும் வெளுக்காத சிவப்பும் நீலமும் ஐரோப்பாவுக்குப் புதிது. அந்தச் சிவப்பு நம் மணற்பாங்கான நிலத்தில் தோண்டிய சாயவேரிலிருந்து வந்தது. உள்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் முறையிட்டதால் பிரெஞ்சு அரசு 1686-இல் இந்தத் துணிகளுக்குத் தடை விதித்தது. விற்றாலும் குற்றம், உடுத்தினாலும் குற்றம். 1759 வரை, எழுபது ஆண்டுக்கும் மேல் அந்தத் தடை இருந்தது. ஆனாலும் பெண்கள் உடுத்திக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரு நாட்டின் சட்டத்தையே மீறவைத்த துணி இந்தக் கரையில் பிறந்தது என்பதை நாம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பதில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டும்.

தடை இருந்த அந்தக் காலத்திலேயே, 1734 வாக்கில், போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பற்படை அதிகாரி புதுச்சேரியில் ஒரு சாயப்பட்டறைக்குள் உட்கார்ந்து வேலை முழுவதையும் கவனித்தார். கடுக்காய் ஊறவைப்பது, பால் சேர்ப்பது, படிகாரம் தீட்டுவது, சாயவேரில் கொதிக்கவிடுவது என்று ஒவ்வொன்றையும் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி அந்தக் குறிப்போடு சேர்த்துவைத்தார். அந்தக் கையெழுத்துப்படி, துணித்துண்டுகளோடு, பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. 1742-இல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார் இதே தொழிலைப் பற்றி நீண்ட கடிதம் எழுதி அனுப்பினார். 1760-இல் ஓபர்காம்ப் என்பவர் வெர்சாய்க்குப் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் துணி அச்சிடும் ஆலை தொடங்கினார்; அது ஐரோப்பா முழுவதும் புகழ்பெற்றது. போலியூவுக்குத் தன் பட்டறையின் கதவைத் திறந்துவிட்ட சாயக்காரரின் பெயர் எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் நிற்கவில்லை. அவருடைய வேலை மட்டும் துண்டு துண்டாகப் பாரிசில் நிற்கிறது.

இதில் திருட்டு என்ற சொல்லைச் சிலர் பயன்படுத்துவார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. அதில் நியாயமும் உண்டு. என்றாலும் அந்தக் கோபத்தோடு நின்றுவிட்டால் போலியூ செய்த ஒரு காரியத்தின் அருமை நமக்குத் தெரியாமல் போய்விடும். வேலை நடக்கும்போதே மாதிரி வெட்டி எடுத்துவைத்தால், வேலை செய்த கைகள் போன பிறகும் வேலை நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இருநூறு ஆண்டு கழித்து லெசாஜ் குடும்பம் செய்ததும் அதுவே.

பிரான்சுவாவின் மகன் ஜான் பிரான்சுவா லெசாஜ் 1993-இல் சென்னையில் வஸ்த்ரகலா என்ற பட்டறையைத் தொடங்கினார். மாளவிகா சிவகுமார் உள்ளிட்ட நண்பர்கள் அதில் கூட்டாளிகள். அப்பா உடைக்குத் தைத்தவர். மகன் எடுத்துக்கொண்டது வீட்டின் உள்ளலங்காரம். திரைச்சீலை, சுவர்த்துணி, நாற்காலி உறை, பழைய மாளிகைகளின் கட்டில் விதானம். நூற்றாண்டுகளுக்கு முன் பிரான்சில் தைத்து நைந்துபோன வேலைப்பாட்டை மறுபடி தைக்கும் கைகள் சென்னையில் கிடைத்தன. இங்கிருந்து போன கருவி, அங்கே வளர்ந்து, அதே குடும்பத்தின் வழியாக இங்கே திரும்பிவந்து சேர்ந்தது. கலையின் பயணம் ஒருவழிப் பாதையில் போவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்குப் பக்கத்தில் வேறில்லை.

பாரிஸ் வீட்டின் கதை அந்த ஆண்டுகளில் நெருக்கடிக்கு வந்தது. உயர்தையல் வாடிக்கையாளர்கள் சுருங்கினார்கள். வயதான எம்பிராய்டரிப் பெண்கள் ஓய்வுபெற, புதியவர்கள் வரவில்லை. பிரான்சுவா 1992-இல் ஒரு பள்ளி திறந்தார். வெளியார் யாரும் பணம் கட்டிக் கற்கலாம். குடும்ப ரகசியத்தைக் கடைச்சரக்காக்குகிறார் என்று முணுமுணுத்திருப்பார்கள். ரகசியத்தைப் பூட்டிவைத்து அதோடு சேர்ந்து அழிந்துபோன எத்தனையோ பட்டறைகளைப் பார்க்கும்போது, அவர் எடுத்தது சரியான முடிவு என்றே சொல்வேன்.

2002-இல் லெசாஜ் வீட்டை ஷனேல் வாங்கியது. வாசனைத் திரவியம் இந்தக் கதைக்குள் வருவது இந்த இடத்தில்தான். ஷனேல் என்றதும் கோகோ ஷனேல் அம்மையாரைத்தான் நினைக்கிறோம். அந்த நிறுவனத்தின் உரிமையாளர்கள் வெர்த்தைமர் என்ற குடும்பம். எர்னெஸ்ட் போ என்ற வாசனைக் கலைஞர் 1921-இல் உருவாக்கிய ஐந்தாம் எண் சென்டைப் பெரிய அளவில் விற்பதற்காக 1924-இல் தனியாக ஒரு கம்பெனி தொடங்கினார்கள். வெர்த்தைமர்களுக்கு நூற்றுக்கு 70 பங்கு, அம்மையாரையும் அவர்களையும் அறிமுகம் செய்துவைத்த கடை முதலாளி பாதேருக்கு 20, சென்டுக்குப் பெயர் கொடுத்த அம்மையாருக்கு 10. அதே 1924-இல்தான் லெசாஜ் தம்பதி மிஷோனே பட்டறையை வாங்கினார்கள். அந்தப் பங்கீட்டை எதிர்த்து அம்மையார் பல ஆண்டு போராடினார். 1954-இல் அவர் மறுபடி ஆடை வீட்டைத் திறந்தபோது பணம் போட்டதும் அதே வெர்த்தைமர்கள்தான்.

கையால் தைத்த உயர்தையல் உடையை வாங்குகிறவர்கள் உலகத்தில் மிகச் சிலர். அந்த உடையின் பெயரால் விற்கும் சென்டை வாங்குகிறவர்கள் கோடிக்கணக்கில். பாரிசின் பல ஆடை வீடுகளைச் சென்ட்தான் தாங்குகிறது. அந்தப் பணத்திலிருந்து ஷனேல், பொத்தான் செய்யும் வீடு, இறகு வேலை செய்யும் வீடு, செருப்புத் தைக்கும் வீடு என்று ஒவ்வொன்றாக வாங்கிக் காப்பாற்றியது. 2022 முதல் அவற்றில் பல, லெசாஜ் உட்பட, பாரிசின் வடகோடியில் ஒரே கட்டடத்தில் இயங்குகின்றன. குடும்பச் சொத்து கைமாறியது என்று பார்த்தால் இது ஒரு முடிவு. எழுபதாயிரம் மாதிரிகளும் அவற்றைத் தைக்கத் தெரிந்த கைகளும் சிதறாமல் நின்றன என்று பார்த்தால், பிரான்சுவா தன் தந்தைக்குச் செய்த கடமை. நான் இரண்டாவது பார்வையைத்தான் ஏற்கிறேன். 2011-இல் இறக்கும்வரை அவர் பட்டறையோடுதான் இருந்தார்.

அந்தச் சென்டுக்குள்ளும் நாம் இருக்கிறோம். தெற்கு பிரான்சின் கிராஸ் ஊர் மல்லிகை வயல்கள் கூலி உயர்வாலும் மனை விற்பனையாலும் சுருங்கியபோது, வாசனைத் தொழில் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் திரும்பியது. சத்தியமங்கலம், கோவை, நிலக்கோட்டைப் பக்கத்து மல்லியும் ஜாதிமல்லியும் ஆலைக்குப் போகின்றன. கரைப்பானில் ஊறவைத்து எடுக்கும் மெழுகுபோன்ற சாறு, ஒரு டன் பூவுக்கு மூன்று கிலோ அளவே கிடைக்கும். அதையும் சுத்திகரித்தால் இன்னும் பாதி. பூச்சந்தையில் விலை விழுந்தால், சென்ட் பாக்டரிக்குத்தான் போகும் என்று விவசாயிகள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மதுரை மல்லி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே ஆண்டில் நீலகிரித் தோடர்களின் எம்பிராய்டரியும் பெற்றது. எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம் தன் கைவேலைக்குச் சட்டப்படி ஒரு பெயர் வாங்கியிருக்கிறது.

இனி நம் தெருவுக்கு வருவோம்.

கடந்த சில ஆண்டுகளில் தமிழ்நாடெங்கும் கல்யாண பிளவுசுக்கு ஆரி ஒர்க் போடுவது வழக்கமாகிவிட்டது. காஞ்சிப் பட்டுப்புடவைக்குச் சமமாகப் பிளவுசும் பேசுகிறது. இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வீட்டுப் பெண்கள். சில மாதம் வகுப்புக்குப் போய்க் கற்று, வீட்டு வராந்தாவில் ஸ்டாண்டு போட்டு, பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு உட்காருகிறார்கள். ஆலையில் போன் பாகம் பொருத்திவிட்டு வந்து, வார விடுமுறையில் ஆரி ஊசி பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் திறந்த நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது இந்தப் பகுதி மறக்காத நிகழ்ச்சி. ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே பழகிய வேலை, அந்த ஆலையின் எந்திரங்களோடு நின்றுவிட்டது. ஆரி ஊசி அப்படிப்பட்டதில்லை. அதைக் கற்ற கை எங்கே போனாலும் கூடவே போகும். அதனால்தான் இந்த வேலையை நான் பொழுதுபோக்காகவோ உபரி வருமானமாகவோ பார்க்க மறுக்கிறேன்.

ஆனால் வேலை முடிந்ததும் என்ன நடக்கிறது? பிளவுசை இஸ்திரி போட்டு, ஒரு போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டசில் போட்டு, கொடுத்தனுப்பிவிடுகிறோம். போட்டோவில் கோலம் தெரியும். எந்த நூல், எத்தனை இழை, லோட் ஸ்டிச் போடும்போது உள்ளே திணித்தது என்ன, ஜர்தோசியை எந்த அளவில் வெட்டினோம், எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதெல்லாம் தெரியாது. பின்பக்கம் தெரியவே தெரியாது. கைவேலையின் உண்மை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டு அதே அக்காவிடம் அதே பூவைக் கேட்டால் நினைவிலிருந்து போடுகிறார். அவர் மகள் கேட்டால் அதுவும் இல்லை. விலை பேசும்போதும், இதற்கு இத்தனை மணி நேரம் என்று எடுத்துக்காட்ட அவரிடம் ஒன்றும் இருப்பதில்லை. பொட்டிக் வைத்திருப்பவர் சொன்னதே விலை.

உலகம் இதில் மெல்ல மாறிவருகிறது. பாரிஸ் வீடுகளின் எம்பிராய்டரி பெருமளவு மும்பைப் பட்டறைகளில் நடப்பது நெடுங்காலம் வெளியே பேசாத செய்தியாக இருந்தது. 2023 மார்ச்சில் டியோர் தன் ஆடைக்காட்சியை மும்பையின் கேட்வே ஆப் இந்தியா முன்பு நடத்தி, தனக்குத் தைத்துக் கொடுக்கும் சாணக்யா பட்டறையின் பெயரைச் சொன்னது. சொல்லவேண்டிய பெயரைச் சொல்ல இத்தனை காலம் ஆகியிருக்கிறது. பிரான்சில் உயர்தையல் என்ற பெயரைப் பயன்படுத்தவே 1945 முதல் சட்டம் இருக்கிறது. சொந்தத் தையற்கூடமும் அதில் குறைந்தபட்ச எண்ணிக்கையில் முழுநேர ஊழியரும் இல்லாத வீடு அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. கைகளைக் கணக்கில் காட்டினால்தான் பெயர் என்பது அதன் பொருள். நமக்கு அப்படி ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இங்கே இருக்கும் கல்லூரிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் நூலகத்தில் ஓர் அலமாரியை இந்தப் பகுதியின் தையல் வேலைக்கு ஒதுக்குங்கள். ஈரமும் பூச்சியும் அண்டாத அட்டைப்பெட்டிகள் போதும். நூலின் இழை எண்ணிக்கையையும் மணியின் அளவையும் எப்படிப் பதிவது என்று மாணவர்கள் ஒரு படிவம் தயாரிக்கட்டும். அளந்து பதிவதில் தேர்ந்தவர்கள் அவர்கள். பொட்டிக் நடத்துகிறவர்களிடம் இன்னொன்று: பில்லில் தைத்தவர் பெயரையும் மணி நேரத்தையும் எழுதுங்கள். வாங்குகிறவர் அதைப் படித்துவிட்டுத்தான் விலையைப் புரிந்துகொள்வார். இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரும் அடுத்த ஆண்டுச் சொற்பொழிவுக்குப் பதிலாக, அந்த ஒரு நாளை ஆரி வேலை செய்யும் பெண்கள் தங்கள் மாதிரிகளைக் கொண்டுவந்து காட்டும் நாளாக வைத்தால் நான் மகிழ்ந்து வந்து பார்வையாளர் வரிசையில் உட்காருவேன்.

ஆரி ஊசி பிடிக்கும் சகோதரிகளிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த ஆர்டர் வரும்போது அதே துணியில் ஒரு சாண் அதிகம் கேட்டு வாங்குங்கள். அதில் அந்தக் கோலத்தின் ஒரு பூவை மட்டும் போட்டுப் பாருங்கள். பின்பக்கத்தில் ஒரு தாளைத் தைத்து, தேதி, நூல், மணி நேரம், வாங்கிய கூலி எல்லாம் எழுதுங்கள். உங்கள் பெயரை முழுதாக எழுதுங்கள். வீட்டில் பத்திரமாக வையுங்கள்.